நிலமே இல்லாதவன் நிலச் சட்டம் எப்படிப் படிப்பது?

12 ஜனவரி 2025 – கேள்வி

மூன்றாண்டு சட்டப் படிப்பு, இரண்டாம் வருடம். நிலச் சட்டங்கள் தாள் வருகிறது. ரயத்துவாரி, ஜமீன்தாரி, இனாம், 26/48, 30/63, 58/61 என்று சட்டங்களின் எண்ணும் வருஷமும்தான் தலைக்குள் ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கூலி வேலை. வயலையே பக்கத்தில் போய்ப் பார்க்காதவன் இதை எப்படிப் படிக்கிறது? மனப்பாடம் பண்ணினால் பாஸ் ஆகுமா?

12 ஜனவரி 2025, இரவு

ஆகும் தம்பி. நான் அப்படித்தான் ஆனேன். சொத்து மாற்றுச் சட்டத்தில் நூற்றுக்கு 71. அந்த மார்க் வந்த வாரமே எங்க சித்தப்பா ஒரு வில்லங்கச் சான்றை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு பாப்பா?" என்றார். எழுதிக் கொடுத்தவர் பத்தியையும் எழுதி வாங்கியவர் பத்தியையும் மாற்றிப் படித்து, விற்றவரை வாங்கியவர் ஆக்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்திர எழுத்தரைப் பார்க்கப் போய்விட்டார். பிரிவு 54 விற்பனை என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அப்போதும் சொல்லியிருப்பேன்.

என் யோசனை ஒன்றுதான். ஒரே ஒரு புல எண்ணை எடுத்துக்கொள். யாருடையதாக இருந்தாலும் சரி. அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், எண் கொடுத்தால் அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலப் பதிவேட்டின் விவரம் வரும். அங்கிருந்து பின்னோக்கி நட. பாடத்திட்டத்தில் இருக்கிற எல்லாச் சட்டமும் அந்த ஒரு துண்டுக்கு மேலேயே வரிசையாகக் கிடக்கும்.

14 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊரில் இருக்கிறேன். யோசனை சொன்னவளே செய்து பார்க்கவில்லையே என்று அப்பாயியின் தகரப் பெட்டியை இறக்கினேன். மேலே பட்டுப்புடவை, நடுவில் தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, அடியில் உரச்சாக்குத் துணியில் சுற்றிய கட்டு. நாங்கள் "நம்ம மூணு மா" என்று சொல்கிற வயலின் காகிதங்கள். அதாவது மூன்று ஏக்கர்.

கிரயப் பத்திரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரசீது. 1958-லிருந்து, கோயில் முத்திரையோடு. ஒன்று மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தேன், மையும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. அப்பாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "அது என்ன வருஷத்துது?" என்று மட்டும் கேட்டது. வருஷம்தான் என் கட்டைவிரலில் இருந்தது.

இணையத்தில் புல எண்ணைப் போட்டேன். பட்டாதாரர் பெயர்: கோயில்.

27 வயதுவரை நம்ம நிலம், நம்ம நிலம் என்று சொல்லி வளர்ந்திருக்கிறேன். சரி, கலங்க வேண்டாம். 1958-லிருந்து நாம்தான் உழுகிறோம். காலவரையறைச் சட்டம் 1963, உறுப்பு 65. 12 வருஷம் தொடர்ந்து அனுபவித்தால் எதிரிடை அனுபவ பாத்தியம். கேஸ் முடிஞ்சது!

15 ஜனவரி 2025, காலை

முடியவில்லை. கீழே பின்னூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் காதைத் திருகிவிட்டுப் போயிருக்கிறார், நியாயமாகத்தான். ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறேன்.

குத்தகைக்காரனாக உள்ளே வந்தவன், குத்தகை கட்டிக்கொண்டே "இது உன்னுடையது இல்லை" என்று சொல்ல முடியாது. எதிரிடை என்றால் எதிராக நிற்க வேண்டும். நாங்களோ வருஷா வருஷம் ரசீது வாங்கி, "ஐயா உங்க நிலந்தான்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அப்பாயி சுற்றிச் சுற்றிப் பத்திரப்படுத்திய கட்டு எங்களுக்கு எதிரான சாட்சி.

அப்படியே எதிர்த்து நின்றிருந்தாலும் இது கோயில் நிலம். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 109: கோயில் சொத்தை மீட்கக் காலவரையறை குறுக்கே நிற்காது. 12 இல்லை, 60 வருஷம் ஆனாலும்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். 12 என்ற எண் தனியார் நிலத்துக்கு. அரசு நிலம் என்றால் உறுப்பு 112, 30 வருஷம். என் பழைய நோட்டில் எல்லாவற்றுக்கும் 12 என்று வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 71.

2 பிப்ரவரி 2025

தம்பி உள்பெட்டியில் கேட்டது: "அக்கா, ரயத்துவாரி ஜமீன்தாரி இனாம் மூணும் என்ன வித்தியாசம், ஒரு வரியில?"

ஒரு வரியில் வராது. ஆனால் ஒரு கேள்வியில் வரும்: தீர்வையை, அதாவது நிலவரியை, யார் யாரிடம் கட்டினார்கள்?

1792-ல் பாரமகால் கும்பினி கைக்கு வந்தது. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கிப் பார்த்தார்கள். அது ரயத்துவாரி. 1802 ஒழுங்குவிதிப்படி ராமநாதபுரம், சிவகங்கை மாதிரி இடங்களில் ஜமீன்தார் ஒரு நிரந்தரத் தொகையைக் கட்டிவிட்டு, குடிகளிடம் தான் வசூலித்துக்கொள்வார். அது ஜமீன்தாரி. இனாம் என்றால் வரியை அரசு முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுத்தது, கோயிலுக்கோ மடத்துக்கோ பிராமணருக்கோ ஊர் ஊழியம் செய்தவருக்கோ. 26/48 ஜமீனையும் இனாம் எஸ்டேட்டுகளில் ஒரு பகுதியையும் முடித்து வைத்தது. மிச்ச இனாம்களை 1963-ல் 26-ம் 30-ம் முடித்தன. முடித்து எல்லாரையும் எங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்? மன்றோவின் ரயத்துவாரிக்குத்தான். மனுஷர் செத்து 120 வருஷத்துக்கு அப்புறம் ஜெயித்தார்.

இப்போது இனாமில்தான் பிடி இருக்கிறது. மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டு சொல். மேல்வாரம் என்பது விளைச்சலில் அரசுக்கு வரவேண்டிய பங்கு. குடிவாரம் உழுது வைத்திருப்பவனின் உரிமை. ராஜா கோயிலுக்குக் கொடுத்தது மேல்வாரத்தை மட்டுமா, இரண்டையுமா? மேல்வாரம் மட்டும் என்றால் கோயிலுக்கு இருந்தது வரி வாங்கும் உரிமை, மண் குடியானவனுடையது. 30/63 வந்தபோது குடிவாரம் யாரிடம் என்று காட்டினார்களோ அவர்களுக்கே ரயத்துவாரி பட்டா.

இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து "குடிவாரம் நம்மளுது" என்று சொன்னதைக் கேட்ட ஞாபகம் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் அதை ஏதோ சாமி பேர் என்று நினைத்திருந்தேன். கோயிலுக்குப் போனது மேல்வாரம் மட்டுமாக இருந்தால்?

3 பிப்ரவரி 2025

மேலே "மூணு மா, அதாவது மூன்று ஏக்கர்" என்று எழுதியிருக்கிறேன். தஞ்சாவூர்க்காரர்கள் நாலு பேர் சிரித்தாயிற்று. ஒரு மா சுமார் 33 சென்ட். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, வேலி சுமார் 6.6 ஏக்கர். ஆக எங்கள் மூணு மா ஒரு ஏக்கர். இணையத்தில் 0.40.5 என்று ஹெக்டேர் கணக்கில் அதைத்தான் காட்டியது, நான்தான் பார்க்கவில்லை. வீட்டில் "மூணு" என்கிற எண்ணைச் சொல்லிச் சொல்லி நிலத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள்.

பரீட்சைக்கு: சென்ட் 435.6 சதுர அடி, கிரவுண்ட் 2,400. கிரவுண்டைச் சென்னைக்கு வெளியே சொன்னால் விழிப்பார்கள்.

9 பிப்ரவரி 2025

அரசமைப்புத் தாளை முடித்துவிட்டாய் அல்லவா? அப்படியானால் பாதி நிலச் சட்டம் உனக்கு ஏற்கெனவே தெரியும், பேர்தான் வேறு. கோலக்நாத் 1967 – பஞ்சாபில் நில உச்சவரம்பு. கேசவானந்த பாரதி 1973 – காசர்கோட்டுப் பக்கத்து எடநீர் மடத்து நிலத்தைக் கேரள நிலச் சீர்திருத்தம் தொட்டதில் ஆரம்பித்தது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, அடிப்படைக் கட்டமைப்பு என்று நாம் விழுந்து விழுந்து படிக்கிறோம். மூலத்தில் இருப்பது வயல். 1951 முதல் திருத்தத்தில் ஒன்பதாவது அட்டவணை வந்ததே ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் கோர்ட்டிலிருந்து காப்பாற்றத்தான்.

நம்ம ஊர் உச்சவரம்புச் சட்டம் 58/61-ஐயும் 1964-ல் கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்தது. அதே வருஷம் 17-வது திருத்தம் போட்டு அதை அட்டவணைக்குள் தூக்கி வைத்தார்கள். 30 தரநிலை ஏக்கர், 1970-லிருந்து 15. "தரநிலை" என்பதை விட்டுவிட்டு வெறும் ஏக்கர் என்று எழுதாதே. மண்ணுக்கு விதித்த தீர்வையைப் பொறுத்து அது நீளும், சுருங்கும். அந்த இடைவெளியில் எத்தனை மாட்டுக்காரன் பேரிலும் சமையல்காரி பேரிலும் நிலம் எழுதப்பட்டது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

23 பிப்ரவரி 2025

சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 40 வகுப்பு நடந்த அன்று லண்டன் லெஸ்டர் சதுக்கத்துக்குப் போய்வந்தோம், டல்க் எதிர் மோக்சே, 1848. தோட்டத்தைக் கட்டடம் கட்டாமல் வைத்திருப்பேன் என்று வாங்கினவர் எழுதிக் கொடுத்தார், நிலம் கைமாறி மாறி மோக்சேயிடம் வந்தது, விஷயம் தெரிந்தே வாங்கினார், ஆகவே அவரையும் கட்டுப்படுத்தும். நல்ல தீர்ப்பு. அந்தச் சதுக்கத்தின் நான்கெல்லை எனக்கு மனப்பாடம். எங்கள் வயலுக்குக் கிழக்கே யார் வயல் என்று கேட்டால் சித்தப்பாவுக்குப் போன் போடணும்.

நான்கெல்லை என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய பத்திரம் நாலைந்து தேடிப் படி, வாய்விட்டுப் படி. "மாவடை மரவடை வழிநடை வாய்க்கால் பாத்தியம் உள்பட", "நிதி நிட்சேபம் ஜலம் பாஷாணம்", "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்". முதல் தடவை மந்திரம் மாதிரி இருக்கும். பிறகு சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 8-ஐப் பக்கத்தில் வைத்துப் பார். நிலத்தை மாற்றினால் அதைச் சார்ந்த வழியுரிமை, வாடகை, மண்ணோடு சேர்ந்த மரம் மட்டை எல்லாம் கூடவே போகும் என்று 1882-ல் சட்டம் சொல்கிறது. மாவடை மரவடை அதைத்தான் சொல்கிறது, நல்ல சந்தத்தோடு. "தானாதி வினிமய விக்கிரயம்" என்றால் தானம், பரிவர்த்தனை, விற்பனை. நம்ம பாடத்தின் மூன்று அத்தியாயம். இதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை, பத்திர எழுத்தர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

(சித்தப்பா போன அதே பத்திர எழுத்தர்தான். இப்போது நானும் அங்கேதான் போகிறேன்.)

16 மார்ச் 2025

"பட்டா இருந்தால் சொந்தம்தானே?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. பட்டா வருவாய்த் துறைக்கான காகிதம், வரி யாரிடம் வாங்குவது என்பதற்கு. உரிமையைத் தருவது கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை. பட்டா மாறுதல் உரிமையை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாயிற்று. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து "வாங்கிட்டேன்" என்பதும் செல்லாது, சூரஜ் லேம்ப் வழக்கு, 2011. பட்டாவை வெறும் வரி ரசீது என்று நினைத்துக்கொள்.

இன்னொன்று. இப்போது விற்கப் போனால் மூலப்பத்திரம் கேட்பார்கள். தமிழ்நாடு பதிவு விதி 55-அ. முந்தைய அசல் பத்திரமும் வில்லங்கமும் காட்டாவிட்டால் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம். இதை நன்றாகப் படித்து வை, கேள்வி வரும்.

17 மார்ச் 2025

"வெறும் வரி ரசீது" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ரசீது என்ற சொல்தான் உறுத்தியது.

எல்லாப் பட்டாவும் ஒன்றில்லை. 26/48-லும் 30/63-லும் நிலவரித் திட்ட அதிகாரி விசாரித்து, ஆட்சேபம் கேட்டு, மேல்முறையீட்டுக்கு வழி வைத்துக் கொடுக்கிற ரயத்துவாரி பட்டா இருக்கிறதே, அது தாசில்தார் அலுவலகத்தில் பெயர் மாற்றித் தருகிற பட்டா மாதிரி இல்லை. நிலத்தில் இருந்த பழைய உரிமைகளை எல்லாம் சட்டம் துடைத்துவிட்டு, புதிதாக இவருக்கு என்று கொடுப்பது. அதைக் கையில் வைத்திருப்பவரிடம் "இது வரி ரசீதுதானே" என்று போய் நின்றால் கோர்ட்டில் சிரிப்பார்கள். எங்கள் வயலின் கோயில் பட்டா எந்த வகை? பயமாக இருக்கிறது, பார்க்கத்தான் வேண்டும்.

நத்தத்துக்கும், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கும், இந்த வாக்கியம் பொருந்தாது. கிராம நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவனுக்குப் பத்திரமே இருக்காது, இருக்கவும் வேண்டாம். நத்தம் அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

8 ஏப்ரல் 2025

மேலே மார்ச் 16-ல் "நன்றாகப் படித்து வை" என்றேனே, விதி 55-அ. நேற்று உச்ச நீதிமன்றம் அதன் முதல் உட்பிரிவைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. கோபி எதிர் சார்பதிவாளர். பதிவுச் சட்டம் 1908-ன் கீழ் பதிவு அதிகாரிக்கு, எழுதிக் கொடுப்பவனுக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் வேலை இல்லை, சட்டம் கொடுக்காத அதிகாரத்தை விதி கொடுக்க முடியாது என்பது சாரம். நோட்டில் அடிக்காதே, பக்கத்தில் தேதி போட்டு எழுது. ஏன் இருந்தது, ஏன் போனது இரண்டையும் எழுதினால்தான் மார்க்.

மனசுக்குள் எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. இல்லாத நிலத்தை எழுதிக் கொடுத்து ஓடியவன் கதை எல்லா ஊரிலும் உண்டு. மூலப்பத்திரம் கரையான் அரித்துப்போய், சொந்த வீட்டை விற்க முடியாமல் அலைந்தவன் கதையும் உண்டு. எங்கள் பத்திர எழுத்தர் ரசித்தது வேறு: "பதிவு பண்ணினா உனக்குச் சொந்தம்னு ஜனங்க நினைக்குது. நீ எழுதிக் கொடுத்தேன்னு சாட்சி சொல்றதுதாம்மா பதிவு." சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 54, பதிவுச் சட்டம் பிரிவு 17, பிரிவு 49 மூன்றையும் சேர்த்து நான் ஒரு மணி நேரம் எழுதுவதை டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

11 மே 2025

பரீட்சை முடிந்தது. நிலச் சட்டங்கள் எனக்கும் அரியர் மாதிரிதான், உள்மதிப்பீட்டில் குறைந்துபோய்த் திரும்ப எழுதினேன். இவ்வளவு பேசிவிட்டு அதைச் சொல்லாமல் இருந்தது தப்பு.

செய்த முட்டாள்தனம்: 57/61-ஐயும் 58/61-ஐயும் மாற்றி எழுதினேன். ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்து எண். 58 உச்சவரம்பு. 57 கோயில், மடம், பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலக் குத்தகை. அதாவது எங்கள் வயலின் சட்டம். நாலு மாதம் எதைத் துரத்தினேனோ அதன் எண்ணையே தப்பாகப் போட்டுவிட்டு வந்தேன்.

மனப்பாடம் வேண்டாம் என்று ஜனவரியில் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். எண்களை மனப்பாடம் பண்ணு.

இன்னொரு வினாவில் அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தி கைகொடுத்தது. அந்தப் பத்தியில் சில இடத்தில் டி.சி. என்று இரண்டே எழுத்து இருக்கும். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் அறிக்கை எழுதி, 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். 10 வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள் மட்டும்தான் கைமாறலாம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். இப்போது அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினால் தாளை மூடிவிட்டு எழுந்து போகத் தோன்றும். நான் எழுந்து போகவில்லை, மூன்று பக்கம் எழுதினேன்.

22 ஜூன் 2025

மேட்டூர் 12-ஆம் தேதி திறந்துவிட்டது. ஊரில் குறுவை வேலை. நான் வட்டாட்சியர் அலுவலகத்துப் பதிவறையில்.

மூன்றாம் தடவை போனபோது பழைய நிலவரித் திட்டப் பதிவேடு கிடைத்தது. காலிகோ அட்டை, முதுகில் நூல் பிரிந்திருந்தது. எங்கள் பழைய புல எண்ணுக்கு நேராக, ரயத்துவாரி பட்டா கோயிலுக்கு. குறிப்பில் 30/63. மேல்வாரம் மட்டும் கொடுத்த இனாம் இல்லை, மேல்வாரம் குடிவாரம் இரண்டும் என்று தீர்த்திருக்கிறார்கள். ஆட்சேபணைப் பத்தியில் ஒரு கோடு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் யாராவது விசாரிக்க வந்தார்களா என்று. "தண்டோரா போட்டான். சாவடிக்கு வரச் சொன்னான். அன்னைக்கு நடவு. நாத்து பறிச்சுப் போட்டது வெயில்ல கிடக்கு, தாத்தா எப்படிப் போவாரு?"

இரண்டு வாரமும் கோயிலுடையதா, தாத்தா சொன்ன குடிவாரம் உண்மையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் சாவடிக்குப் போயிருந்தாலும் கையில் காட்ட அந்த ரசீதுகள்தான் இருந்திருக்கும். ஒவ்வொன்றிலும் "குத்தகை" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பிப்ரவரி 2-ல் நான் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது அதே நம்பிக்கையில் பதிவறைக்குப் போயிருந்தால் மன்னிக்கவும்.

ஆனால் ஜனவரி 15-ல் "எங்களுக்கு எதிரான சாட்சி" என்று எழுதினேனே, அதுவும் அரைகுறை. சொந்தக்காரன் என்று காட்ட அந்தக் கட்டு உதவாது. சாகுபடி செய்யும் குத்தகைதாரர் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 57/61-க்குள் வந்துவிட்டால் நினைத்தபோது யாரும் வெளியேற்ற முடியாது. 10/69-ன்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், ஒருவர் குத்தகைதாரரா இல்லையா என்பதை உரிமையியல் நீதிமன்றம் பேச முடியாது, பிரிவு 16-அ. பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கிறது! அவர் போய் 19 வருஷம் ஆயிற்று, மாற்றத்தான் யாருமில்லை.

மனு எழுத உட்கார்ந்தபோது குத்தகைதாரர் யார் என்ற வரையறையைத் திரும்பப் படித்தேன். சாகுபடியில் தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உடலுழைப்பையோ செலுத்துபவர். வாரிசும் அப்படியே, உழைத்தால்தான் வாரிசு. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி. எனக்கு நாற்று பறிக்கத் தெரியாது. சித்தப்பா பெயரில் மனு எழுதினேன். எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டினேன். எந்தப் பத்தியையும் மாற்றிப் படிக்கவில்லை. கேட்டுவிட்டு, "உன் பேரையும் சேர்த்துக்க பாப்பா" என்றார். சேர்க்க முடியாது சித்தப்பா, சட்டம் இடம் கொடுக்காது என்றேன். கையில் சேறு காயாமல் இருந்தது, கட்டைவிரல் ரேகை வைக்கிற மாதிரி மனுவின் ஓரத்தில் பதிந்துவிட்டது. திரும்ப எழுதவில்லை, அப்படியே கொடுத்தேன்.

29 ஜூன் 2025 – கேள்வி கேட்ட தம்பி எழுதியது

அக்கா, நீங்க சொன்ன மாதிரி ஒரு எண் எடுக்கலாம்னு வீட்டில் கேட்டேன். நம்ம கிட்ட என்னடா இருக்குன்னுதான் அம்மா சொன்னாங்க. அப்புறம் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தாங்க. தாத்தா பேர், புல எண், 3 சென்ட், மேலே 40/71-னு இருக்கு. தாத்தா மிராசு தோப்பில் குடிசை போட்டிருந்தவர். இது என்ன சட்டம்? நம்ம நோட்ஸில் இல்லை.

6 ஜூலை 2025

நோட்ஸில் இருக்கிறது தம்பி. கடைசிப் பக்கம், சிறு குறிப்பு வரைக, நாம் எல்லாரும் விட்டுவிட்டுப் போகிற கேள்வி. குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம், 1971-ன் 40. மிராசு இடத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கும் விவசாயிக்கும் அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம். மிராசு தயவில் இருந்தவர் இல்லை இனி, வில்லங்கமில்லாத உரிமையாளர். பட்டா வரி ரசீதா என்று மேலே நடந்த சண்டையெல்லாம் இதற்கு வேண்டாம், சட்டமே கொடுத்த உரிமை.

"ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது" என்று ஜனவரியில் எழுதினாய். மூன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் மூணு மா இருந்தது, ஒரு குழிகூட எங்களுடையது இல்லை.

இப்போது அந்த எண்ணை அ-பதிவேட்டில் போட்டுப் பார். பழைய மிராசு பெயரே நின்றாலும் நிற்கும், உட்பிரிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். காகிதத்தின் நகலோடு உட்பிரிவுக்கும் பட்டாவுக்கும் மனு கொடு. தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8. அப்பாவுக்கு மட்டும் இல்லை, பாட்டி இருந்தால் பாட்டிக்கும், அத்தைகளுக்கும் சமபங்கு. எத்தனை அத்தை? அதை வீட்டில் சொல்வதற்கு முன்னால் சாப்பிட்டுவிடு.

அம்மா அதை லேமினேட் செய்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். பிரிக்கப் பார்க்காதே, அப்படியே ஸ்கேன் எடு. மை கையோடு வந்துவிடும்.